உளியும் சுங்கக் குறியீடும்: தடையற்ற வர்த்தக ஒப்பந்தங்களும் செங்கல்பட்டின் சிறுதொழில்களும்

2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் பிரதமர் நரேந்திர மோதியும் மாமல்லபுரத்தில் சந்தித்துக்கொண்டார்கள். அர்ச்சுனன் தபசின் முன் இருவரும் நின்ற படம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அங்கே பேசப்பட்ட வணிக விஷயங்கள் அவ்வளவாக நினைவில் தங்கவில்லை. இரு நாடுகளின் வர்த்தக ஏற்றத்தாழ்வைப் பேசித் தீர்க்க உயர்மட்ட அமைப்பு ஒன்றை ஏற்படுத்துவது என்றும், தமிழ்நாட்டையும் சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தையும் சகோதர மாநிலங்கள் ஆக்குவது என்றும் முடிவானது. அதற்கு மூன்று வாரங்கள் சற்றே கடந்து, நவம்பர் 4 அன்று, பாங்காக்கில் நடந்த மாநாட்டில் ஆர்செப் என்னும் பதினாறு நாட்டு வர்த்தக ஒப்பந்தத்தில் சேரப்போவதில்லை என்று இந்தியா அறிவித்தது. அதே நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து செங்கல்பட்டு தனி மாவட்டமானது.

ஃபூஜியனைத் தேர்ந்ததற்கு வரலாற்று நியாயம் உண்டு. அங்குள்ள குவான்சோ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. தமிழ் வணிகர்கள் எழுப்பிய சிவன் கோயிலின் சிற்பங்களும் கிடைத்திருக்கின்றன. ஆனால் இன்றைய வணிகத்தைப் பார்க்கிறவருக்கு அந்தப் பெயர் வேறொன்றையும் சொல்லும். குவான்சோவின் ஆளுகைக்கு உட்பட்ட ஹுயியான், கல் செதுக்கும் பட்டறைகளுக்குப் பேர்போன ஊர். தோட்டத்துக்கும் ஓட்டல் முகப்புக்கும் கற்சிலை வாங்கும் வெளிநாட்டு வியாபாரியிடம் மாமல்லபுரத்துச் சிற்பி விலை சொல்லும்போது, அந்த வியாபாரி ஒப்பிட்டுப் பார்ப்பது அங்கிருந்து வரும் விலையைத்தான்.

ஆர்செப்பை எதிர்த்தவர்களில் பால் உற்பத்தியாளர்களுக்கு அடுத்தபடியாக உரக்கப் பேசியவர்கள் சிறுதொழில் சங்கத்தினர். சீனச் சரக்கு வெள்ளமாக வந்து பட்டறைகளை மூழ்கடித்துவிடும் என்ற அவர்கள் அச்சத்தில் பொருள் இருந்தது. இந்தியா விலகியது. பிறகு நடந்ததையும் பார்க்க வேண்டும். 2018-19இல் சீனாவுடனான வர்த்தகப் பற்றாக்குறை சுமார் 53 பில்லியன் டாலர். 2024-25இல் அது 99 பில்லியனைத் தாண்டியது. தடையற்ற ஒப்பந்தம் எதுவும் இல்லாமலே சரக்கு வந்தது. தீர்வை கட்டிய பிறகும் அது மலிவாகத்தான் இருந்தது. ஒப்பந்தம் கையெழுத்தானால் சிறுதொழில் அழியும், ஆகாவிட்டால் பிழைக்கும் என்ற கணக்கு இங்கே பொருந்தவில்லை. கையெழுத்தானால் உலகச் சந்தை சிற்பியின் வாசலுக்கே வந்துவிடும் என்ற எதிர்க்கணக்கும் பொருந்தவில்லை.

என் வாதம் இதுதான். ஒப்பந்தத்தின் தீர்வைப் பட்டியல் சிறு பட்டறையை நேராகத் தொடுவது அரிது. பொருளுக்கு எந்தச் சுங்கக் குறியீடு என்று யார் முடிவு செய்கிறார்கள், அது எங்கே பிறந்தது என்று எந்தத் தாளைக் கொண்டு நிரூபிப்பது, தனக்கு மேலே இருக்கும் பெரிய நிறுவனம் என்ன முடிவெடுக்கிறது என்பவைதான் பட்டறை வரைக்கும் வருகின்றன. இவற்றைப் பற்றித் தொழிலில் இருப்பவர்கள் பேசுகிற அளவுக்கு ஒப்பந்தம் போடுகிறவர்கள் பேசுவதில்லை.

சிற்பத்திலிருந்து தொடங்குகிறேன். 1957இல் மாமல்லபுரத்தில் அரசு தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம் வை. கணபதி ஸ்தபதியின் தலைமையில் கல்லூரியாக வளர்ந்தது. அதில் படித்தவர்களும், தகப்பனின் பட்டறையிலேயே உளி பிடித்தவர்களுமாக இந்த ஊரில் ஒரு பெருந்தொழில் நிலைபெற்றிருக்கிறது. 2015இல் உலகக் கைவினைக் கழகம் இதைக் கற்சிற்ப நகரமாக அறிவித்தது. 2017இல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இரண்டும் பெருமைதான். ஆனால் புவிசார் குறியீடு இந்தியச் சட்டத்தின் எல்லைக்குள் மட்டுமே செல்லும். வேறொரு நாட்டில் ஒருவர் தன் சரக்கை மாமல்லபுரச் சிற்பம் என்று விற்றால், அந்த நாட்டில் தனியாகப் பதிவு செய்திருந்தாலன்றித் தடுக்க முடியாது.

இனிச் சுங்கத்துக்கு வருவோம். உலகெங்கும் சரக்குகளைப் பிரிக்கும் ஒத்திசைவுக் குறியீட்டு முறையில் கற்சிலைக்கு இரண்டு வீடுகள் உண்டு. ஒன்று 9703: அசல் சிற்பங்கள். இன்னொன்று 6802: வேலைப்பாடு செய்த கல். முதல் வீட்டுக்கு அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் எந்த ஒப்பந்தமும் இல்லாமலே தீர்வை கிடையாது. இரண்டாவது வீட்டுக்குத் தீர்வை உண்டு. அதுவும் சாதாரண காலத்தில் சிறிதுதான், அமெரிக்காவில் கருங்கல் வேலைப்பாட்டுக்கு 3.7 சதவீதம். எனவே சிற்பிக்கு வர்த்தக ஒப்பந்தம் தரக்கூடிய தீர்வைச் சலுகை அதிகம் போனால் அந்த மூன்றே முக்கால் சதவீதத்துக்குள் அடங்கிவிடும்.

ஆனால் எந்த வீடு என்பதில்தான் சிக்கல். குறியீட்டு நூலின் 97ஆம் அத்தியாயத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது. பெருமளவில் செய்யப்படும் நகல்களும், வணிக நோக்கில் செய்யப்படும் மரபுக் கைவினைப் பொருட்களும், அவற்றைக் கலைஞரே வடிவமைத்துச் செய்திருந்தாலும், 9703இல் சேரா என்று அது சொல்கிறது. இதை ஒரு ஸ்தபதியின் முன் வைத்துப் பாருங்கள். அவர் செதுக்கும் நடராசருக்குத் தாலமானம் உண்டு. முகத்தின் அளவிலிருந்து பாதம் வரை ஒவ்வோர் உறுப்புக்கும் நூல் சொன்ன கணக்கு உண்டு. அந்தக் கணக்குக்குள் நின்றுகொண்டு ஒரு கல்லுக்கு உயிர் கொடுப்பதில்தான் அவருடைய ஆற்றல் இருக்கிறது. சுங்க நூலோ மரபைப் பின்பற்றியதையே அசல் அல்ல என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. அளவை மீறி நவீன பாணியில் ஒரு கல்லை வளைத்தவர் கலைஞர் ஆகிவிடுகிறார். நாற்பது ஆண்டு விக்கிரகம் செதுக்கியவர் கைவினைஞராகவே நின்றுவிடுகிறார்.

நவீன கலைக்கும் ஒரு காலத்தில் இந்த இடர் வந்தது. 1926இல் ருமேனியச் சிற்பி பிரான்குசியின் ‘அண்டவெளியில் பறவை’ நியூயார்க் துறைமுகத்தில் இறங்கியபோது, அது சிற்பமே அல்ல, உலோகச் சாமான் என்று சொல்லி 40 சதவீதத் தீர்வை போட்டார்கள். வழக்கு நடந்து, 1928இல் அது கலைதான் என்று நீதிமன்றம் ஏற்றது. அன்றைய சிக்கல் சிற்பம் எதைப்போலவும் இல்லை என்பது. நம் சிற்பிக்கு இன்றுள்ள சிக்கல், அவர் செய்தது முன்னோர் செய்ததைப்போலவே இருக்கிறது என்பது.

மூன்றே முக்கால் சதவீதத்துக்கு ஏன் இவ்வளவு பேச்சு என்று கேட்கலாம். 2025இல் அதற்கு விடை வந்தது. ஆகஸ்ட் 7 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 25 சதவீதக் கூடுதல் தீர்வை விதித்தது. ஆகஸ்ட் 27 அன்று அது 50 ஆனது. அந்தத் தீர்வைக்கு அடிப்படையாகக் காட்டப்பட்டது 1977ஆம் ஆண்டின் அவசரகாலப் பொருளாதார அதிகாரச் சட்டம். நூல், திரைப்படம், கலைப் படைப்பு ஆகியவற்றை அதே சட்டம் தன் பிடியிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. ஆக, ஒரே பட்டறையிலிருந்து, ஒரே மரப்பெட்டியில் போன இரண்டு சிலைகளில் கலைப் படைப்பு என்று ஏற்கப்பட்டதற்குக் கூடுதல் தீர்வை இருக்கவில்லை. வேலைப்பாடு செய்த கல் என்று எழுதப்பட்டதற்குப் பாதி விலை தீர்வை விழுந்தது. பேச்சுவார்த்தை மேசையில் யாரும் இதைத் தொடவில்லை. இறக்குமதி செய்பவரின் சுங்க முகவர் எந்த எண்ணை எழுதினார், சிற்பி யார் என்பதற்கு என்ன ஆவணம் வைத்திருந்தார் என்பதே கணக்கைத் தீர்மானித்தது. கல்லூரிப் பட்டம் உள்ளவருக்கு அந்த ஆவணம் எளிது. தகப்பனிடம் கற்றவரிடம் காட்டுவதற்கு அவர் செதுக்கிய கல் மட்டுமே இருக்கிறது.

இவற்றோடு தொல்பொருள் அல்ல என்ற சான்றும் சேர்கிறது. 1972ஆம் ஆண்டுச் சட்டம் நூறாண்டு கடந்த சிற்பத்தை நாட்டைவிட்டு வெளியேறவிடாது. அது மிகச் சரியான சட்டம். ஆனால் போன மாதம் செதுக்கிய சிலையும் பழையதல்ல என்று தொல்லியல் துறையின் சான்றைப் பெற்றால்தான் துறைமுகத்தில் தொல்லையில்லாமல் போகும். பெட்டிக்கான மரம் சூடேற்றியோ புகையூட்டியோ முத்திரை குத்தப்பட்டிருக்க வேண்டும். கல் கனமானது, கப்பல் கூலி எடைக்கும் இடத்துக்கும் ஏறும். இந்த வரிசையில் தீர்வை எங்கே நிற்கிறது என்று பார்த்தால், எந்த ஒப்பந்தமும் ஏன் இந்தத் தெருக்களில் பெரிதாக உணரப்படவில்லை என்பது விளங்கும்.

கடற்கரையிலிருந்து உள்ளே வந்தால் ஜி.எஸ்.டி. சாலையில் மறைமலை நகர். இங்கே சிக்கல் வேறு மாதிரி. சிட்கோ தொழிற்பேட்டையின் லேத் ஷெட்டுகளும் பிரஸ் ஷெட்டுகளும் வெளிநாட்டுக்கு நேரே எதையும் அனுப்புவதில்லை. புஷ், பிராக்கெட், வாஷர் என்று செய்து ஒரு வென்டாருக்குக் கொடுப்பார்கள், அவர் அடுத்தவருக்கு, கடைசியில் அது ஒரு காரில் போய்ச் சேரும். ஒப்பந்தத்தின் பலனும் அடியும் அந்தப் படிகள் வழியாகத்தான் இறங்கும்.

2003 அக்டோபரில் இந்தியாவும் தாய்லாந்தும் ஒப்பந்தச் சட்டகத்தில் கையெழுத்திட்டு, 2004 செப்டம்பர் முதல் 82 பொருட்களுக்கு முன்கூட்டியே தீர்வையைக் குறைத்தன. அந்தப் பட்டியலில் பேரிங்கும் கியர்பாக்ஸும் இருந்தன. வாகன உதிரிபாகத் துறையினர் அப்போதே முறையிட்டார்கள். பிறகு ஆசியான், கொரிய ஒப்பந்தங்கள் 2010 ஜனவரி 1 முதலும், ஜப்பான் ஒப்பந்தம் 2011 ஆகஸ்ட் முதலும் நடைமுறைக்கு வந்தன. சென்னைக்குத் தென்மேற்கே குவிந்திருந்த கார் ஆலைகளுக்கு இவை பயன்பட்டன. அந்த ஆலைகளின் ஏற்றுமதி பெருகியபோது கீழ்ப்படிகளிலும் வேலை பெருகியது. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

ஆனால் தீர்வை தலைகீழாகிப்போன இடங்களைப் பாருங்கள். உதிரிபாகத்தை முழுதாகச் செய்து கொண்டுவந்தால் ஒப்பந்தச் சலுகை. அதையே இங்கே செய்ய எஃகு வாங்கினால், அந்த எஃகுக்குப் பாதுகாப்பு. 2025 ஏப்ரல் 21 அன்று தட்டை எஃகு வகைகளின் இறக்குமதிக்கு 12 சதவீதத் தற்காலிகப் பாதுகாப்புத் தீர்வை விதிக்கப்பட்டது. நாட்டின் பெரிய எஃகு ஆலைகளைக் காக்க அது தேவை என்றார்கள். அந்தத் தகட்டை வாங்கிப் பிரஸ்ஸில் அடிக்கும் சிறு அலகு, விலை ஏற்றத்தை வென்டார்மேல் ஏற்ற முடியாது. வென்டார் உடனே தாய்லாந்து விலையை எடுத்துக் காட்டுவார். மேலே எஃகு ஆலைக்கும் கீழே முழுப்பொருள் இறக்குமதிக்கும் நடுவில் நசுங்குவது சிறு அலகு.

பிறப்பிடச் சான்றுதான் எல்லாவற்றிலும் நுட்பமானது. ஆசியான் ஒப்பந்தத்தில் சலுகை பெற, பொருளின் ஏற்றுமதி விலையில் குறைந்தது 35 சதவீதம் உறுப்பு நாடுகளில் உண்டான மதிப்பாக இருக்க வேண்டும்; குறியீட்டு எண்ணும் ஆறு இலக்க அளவில் மாறியிருக்க வேண்டும். ஒரு கணக்குக்காக, நூறு ரூபாய்க்குப் போகும் ஒரு பாகம் என்று வைத்துக்கொள்வோம். அதில் எஃகு 55 ரூபாய், வெளிநாட்டு ரப்பர் 13 ரூபாய். எஃகு இந்திய எஃகு என்றால் 87 ரூபாய் உள்நாட்டு மதிப்பு, தேறிவிடும். எஃகு எங்கிருந்து வந்தது என்று காட்ட முடியாவிட்டால் விதி அதை அந்நியப் பொருளாகவே எண்ணச் சொல்கிறது. அப்போது மிஞ்சுவது 32 ரூபாய், தேறாது. சிறு அலகு எஃகை ஆலையிலிருந்து வாங்குவதில்லை. வியாபாரியிடம் வெட்டிய துண்டாக வாங்குகிறது. ஆலைச் சான்று பெரிய சுருளோடு போய்விட்டது. சேலத்தில் வார்த்த எஃகாகவே இருந்தாலும் தாள் இல்லை என்பதால் அது கணக்கில் நாடற்ற எஃகு.

இங்கே இன்னொரு பொறியும் உண்டு, இதைத்தான் மிகவும் அஞ்ச வேண்டும் என்று நினைக்கிறேன். பிறப்பிடத்தை நிரூபிக்க வேண்டுமென்றால், சிறு அலகு தன் அடக்க விலையைப் பிரித்து எழுதிக்கொடுக்க வேண்டும்: மூலப்பொருள் இவ்வளவு, கூலி இவ்வளவு, லாபம் இவ்வளவு. அதை யாரிடம் கொடுக்கிறது? தன்னிடம் வாங்கும் வென்டாரிடம். அடுத்த விலைப் பேச்சில் அந்தத் தாள் வென்டாரின் கையில் இருக்கும். சலுகை மேலே போகும்; சலுகைக்காகத் திறந்து காட்டிய கணக்கு கீழே இருப்பவரின் விலையைக் குறைக்கும். அதனால் பலர் கேட்டதைக் கொடுக்காமல் இருந்துவிடுகிறார்கள். ஒப்பந்தத்தைப் பயன்படுத்தத் தெரியாத அறியாமை என்று இதை ஆய்வரங்குகளில் சொல்வார்கள். எனக்கு அது தற்காப்பாகவே படுகிறது.

இறக்குமதிப் பக்கமும் கடுமையாகியிருக்கிறது. 2020 செப்டம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, ஒப்பந்தச் சலுகையில் சரக்கு கொண்டுவருபவர் வெறும் சான்றிதழை நீட்டினால் போதாது. அந்தப் பொருள் எப்படிப் பிறந்தது என்ற தகவலையும் ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். மூன்றாம் நாட்டுச் சரக்கு முகமூடி போட்டு வருவதைத் தடுக்க இது அவசியம். தனியாகக் கணக்குப் பிரிவு வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இது வழக்கமான வேலை. தானே முதலாளியும் ஃபோர்மேனும் கணக்கரும் ஆனவருக்கு, சலுகையை விட்டுவிட்டு முழுத் தீர்வை கட்டுவதே மேல் என்று தோன்றும்.

மறைமலை நகர் ஃபோர்டு ஆலையின் கதையை ஒப்பந்தங்களின் கதையாகச் சொல்ல முடியாது; ஆனாலும் இங்கே சொல்லாமல் இருக்கவும் முடியாது. இங்கிருந்து ஈக்கோஸ்போர்ட் கார்கள் ஐரோப்பாவுக்குப் போயின. 2017இல் ஐரோப்பியச் சந்தைக்கான உற்பத்தி ருமேனியாவின் கிரயோவாவுக்கு மாறியது. 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்தது. 2022இல் ஆலை நின்றது. எந்த நாட்டில் எதைச் செய்வது என்று பெரிய நிறுவனம் வரைபடத்தை விரித்துக் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கில் தீர்வையும் ஒன்று. சிற்றலகுக்கு வரைபடம் கிடையாது. அதன் டையும் ஜிக்கும் அந்த ஒரே மாடல் காருக்கானவை.

மீண்டும் கடற்கரைக்கு வருகிறேன். முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் ஆய்வுப் பண்ணை இருக்கிறது. அங்கிருந்து தெற்கே மரக்காணம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் இறால் குஞ்சு பொரிப்பகங்கள். 2009இல் வனாமி இறாலுக்கு அனுமதி கிடைத்தபின் இந்தத் தொழிலின் முகமே மாறியது. ஹவாயிலிருந்தும் ஃபுளோரிடாவிலிருந்தும் நோயற்ற தாய் இறால்கள் விமானத்தில் வரும். நீலாங்கரை தனிமைப்படுத்தும் நிலையத்தில் சோதிக்கப்படும். பிறகு பொரிப்பகங்களுக்குப் போகும். தாய் இறால் வாங்க வசதியில்லாத சிறியவர்கள் பொரித்த நாப்ளி என்னும் இளம்புழுவை வாங்கி வளர்த்து, குஞ்சாக விற்பார்கள். குஞ்சுகள் ஆந்திரப் பண்ணைகளுக்கும் நம் கடலோரப் பண்ணைகளுக்கும் போகும்.

2024-25இல் இந்தியா 7,41,529 டன் உறைந்த இறாலை ஏற்றுமதி செய்தது. அதில் 3,11,948 டன் அமெரிக்காவுக்கு. 2025 ஆகஸ்டில் 50 சதவீதத் தீர்வை வந்தபோது, ஏற்கெனவே இருந்த பொருள்குவிப்புத் தடுப்புத் தீர்வையும் மானிய ஈட்டுத் தீர்வையும் சேர்ந்து இறாலின் சுமை 58 சதவீதத்தைக் கடந்தது. அப்போது போட்டி நாடான எக்குவடாருக்கு 15. இந்த அடி எப்படி இறங்கும் என்பதைக் கவனியுங்கள். ஏற்றுமதியாளர் உறைகிடங்கில் சரக்கை வைத்துக் காத்திருக்கலாம். பண்ணைக்காரர் இந்த முறை குளத்தில் விதைப்பதைத் தள்ளிப்போடலாம். பொரிப்பகத்துக்காரரின் சரக்கு உயிருள்ளது. அதற்கு வயது நாட்கணக்கில்தான். விதைப்பு தள்ளிப்போனால் அந்தத் தொட்டியிலுள்ள குஞ்சுகளை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? துறைமுகத்தையே பார்க்காதவர்மேல் தீர்வை முதலில் விழுகிறது.

மாற்றுச் சந்தை தேடு என்பது எளிதான அறிவுரை. ஐரோப்பிய ஒன்றியத்தோடு எக்குவடாருக்கு 2017 முதலும் வியட்நாமுக்கு 2020 ஆகஸ்ட் முதலும் ஒப்பந்தம் இருக்கிறது. பிரிட்டனோடு 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்தில் இந்திய இறாலுக்குத் தீர்வை நீக்கம் இருக்கிறது, நல்லது. ஆனால் ஐரோப்பாவில் இந்திய இறாலை வருத்துவது தீர்வையைவிடச் சோதனை. நுண்ணுயிர்க்கொல்லி எச்சம் இருக்கிறதா என்று பார்க்க, 2016இல் அவர்கள் வளர்ப்பு இறால் சரக்குகளில் பாதியைச் சோதிக்கத் தொடங்கினார்கள். அதற்குமுன் பத்தில் ஒன்று. துறைமுகத்தில் கொள்கலன் நிற்கும் நாளுக்கெல்லாம் பணம். எச்சமே இல்லாமல் வளர்த்தவரின் சரக்கும் அந்த வரிசையில்தான் நிற்க வேண்டும். பொரிப்பகத்தின் தொட்டியிலிருந்தே மருந்துப் பயன்பாட்டுக்குப் பதிவேடு இருந்தால்தான் இது தளரும். மறுபடியும் தாள்தான்.

இந்தக் கரைக்கு ஒப்பந்தங்கள் புதியவை அல்ல. கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி, நெசவாளர்களின் மெல்லிய துணியை வாங்கி அனுப்பினார்கள். 1824இல் லண்டனில் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு, மறு ஆண்டு ஊரையே கைமாற்றினார்கள். நெய்தவர்களை யாரும் கேட்கவில்லை. இன்றைய அரசமைப்பில் வெளிநாட்டு வர்த்தகமும் உடன்படிக்கையும் மத்தியப் பட்டியலில் இருக்கின்றன. மீன்வளம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. விளைவைச் சுமக்கும் அரசுக்கு, பேசும் மேசையில் இருக்கை கிடையாது.

அண்மை ஒப்பந்தங்களில் சிறு, நடுத்தரத் தொழில்களுக்கென்றே தனி அத்தியாயம் வந்துவிட்டது. 2022 மே முதல் நடைமுறையில் உள்ள ஐக்கிய அரபு அமீரக ஒப்பந்தத்தில் இருக்கிறது, பிரிட்டன் ஒப்பந்தத்திலும் இருக்கிறது. படித்துப் பார்த்தால் தகவல் பரிமாற்றம், இணையதளம், ஒத்துழைப்பு என்று போகிறது. அமீரக ஒப்பந்தத்தின் அந்த அத்தியாயம் தகராறுத் தீர்வு முறைக்கு உட்பட்டதல்ல; சொன்னபடி நடக்காவிட்டால் கேட்க வழியில்லை. புதிய ஒப்பந்தங்கள் சிலவற்றில் ஏற்றுமதியாளரே பிறப்பிடத்தை அறிவித்துக்கொள்ளலாம் என்பது உண்மையான முன்னேற்றம். ஆனால் பிழை வந்தால் பொறுப்பும் அவருடையதே.

செய்யக்கூடியவை டெல்லியில் மட்டும் இல்லை. எஃகு வியாபாரியின் சரக்கு-சேவை வரி விலைப்பட்டியலில் ஆலையின் வார்ப்பு எண்ணையும் எழுத வைத்தால், மறைமலை நகரில் வெட்டித் துண்டாக வாங்கும் எஃகுக்கும் நாடு கிடைத்துவிடும். அடக்க விலைத் தாளை வென்டாரிடம் கொடுக்காமல் செங்கல்பட்டு மாவட்டத் தொழில் மையம் போன்ற பொது அலுவலகத்தில் கொடுத்து, அங்கிருந்து சதவீதத்தை மட்டும் சொல்லும் சான்றைப் பெற்று மேலே அனுப்ப முடிந்தால், சிறு அலகு தன் கணக்கைத் திறந்து காட்டாமலே சலுகைக்குள் வரும். மாமல்லபுரத்துச் சிற்பக் கல்லூரி, தன்னிடம் படித்தவர், படிக்காதவர் என்று பாராமல் ஒவ்வொரு சிற்பியின் படைப்புக்கும் பெயர், ஆண்டு, படம், கல்வகை அடங்கிய பதிவேடு ஒன்றை வைத்துச் சான்றளிக்கலாம்; தொல்பொருள் அல்ல என்று காட்டவும் 9703 என்று வாதிடவும் அந்த ஒரே தாள் பயன்படும். 97ஆம் அத்தியாயத்தின் குறிப்பை மாற்றக் கோருவது நெடுநாள் வேலை. உலகச் சுங்க அமைப்பு குறியீட்டு நூலைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் திருத்துகிறது. மரபு அளவுக்குள் நின்று தனி ஒருவர் செதுக்கிய விக்கிரகமும் அசல் சிற்பமே என்ற கோரிக்கையை அங்கே கொண்டுபோக இந்தியாவுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. இந்தோனேசியா, தாய்லாந்து, கம்போடியா போன்ற நாடுகளின் சிற்பிகளுக்கும் அதே குறை உண்டு. அவர்களையும் சேர்த்துக்கொண்டு கேட்கலாம்.